நிலாத் தோட்டத்தில் முருங்கை

"நந்தியாவட்டையைப் போயி வேணாங்கிறீகளே மொதலாளி! நெலாவுல சுண்ணாம்பு அடிச்சாப்ல மின்னுமே!"

"மின்னி என்னடா பண்ண? வாசம் உண்டா?" என்றார் ஏகாம்பரம்.

ரங்கூனில் எந்தத் துரை வீட்டிலோ பார்த்தாராம், ராத்திரியில் உலாவ வெள்ளைப் பூக்களாகவே வைத்த தோட்டம். திருமயம் பக்கத்தில் யார் வீட்டிலும் இல்லாத நிலாத் தோட்டம் தம் வீட்டில் இருக்க வேண்டும் என்று மூன்று நாளாக ஒரே பிடி. பகலில் ஒரு செடிக்குச் சொம்புத் தண்ணீர் ஊற்றாத மனிதர்! சிரிப்பை அடக்கி அடக்கித் தோட்டக்காரன் பிச்சைமுத்துவுக்கு விலா நோவே வந்துவிட்டது.

"சித்ரா பௌர்ணமிக்கு மாப்பிள்ளை வீட்டார் வாராக. நானே முன்னால நடந்து சுத்திக் காட்டணும். சின்னக் குறை கண்டாலும் எம்மக கல்யாணம் நின்னுபோகும். படிக்கட்டுல மல்லிகை, கெணத்தடியில மனோரஞ்சிதம், வாசல்ல ராத்திரி ராணி. எடத்தை மாத்தி வச்சுப்புடாத!"

"மனோரஞ்சிதத்துக்குப் பாம்பு வருமேங்க?"

"வந்துட்டுப் போகட்டும். கெணத்துக்கு நாலடி முந்தியே வாசம் மூக்குல ஏறணும்."

ஊர் உலகத்தில் கண்ணுக்குத் தோட்டம் போடுவார்கள், இவர் மூக்குக்குப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டான் பிச்சைமுத்து.

அதற்குள் சொர்ணம் ஆச்சி இரண்டு முருங்கைப் போத்துகளோடு வந்தார். "இதையும் ஊணுப்பா. இதுவும் வெள்ளைப் பூதான்."

"முருங்கையா! பேய் ஏறுற மரம். சம்பந்தி காறித் துப்புவாக, சொர்ணம்."

"உங்களைப் பாத்தாப் பேயே எறங்கி ஓடிப்போகும். நீ ஊணுப்பா!"

புருஷன் பெண்டாட்டி சண்டையில் பிச்சைமுத்து தலையிடுவதில்லை. துண்டை அவிழ்த்து, மல்லிகைக் கொடிக்காக ஆள் உயரத்துக்கு நட்டிருந்த பந்தக்காலின் உச்சியில் போட்டுவிட்டு, கன்றுகளை இறக்கத் தெருவில் நின்ற வண்டிக்கு நழுவினான்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஏகாம்பரம் நின்ற இடத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"முருங்கை வேணாமுன்னா வேணாம்! கேக்குறேன்ல, வாயைத் தொறந்து பதில் சொல்லுடா பிச்சைமுத்து!"

அவருக்கு எதிரே பந்தக்காலும் துண்டும்தான் இருந்தன.

பதில் சொல்ல வாயெடுத்தவனை, ஆச்சி உதட்டில் விரல் வைத்துத் தடுத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்காக" என்றார் தணிந்த குரலில். "மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரைதான் மருந்தாம். ரெண்டு பத்தாது, நாலா ஊணு!"