ஒட்டிய உறை

உறையைப் பிரிக்காமலேயே அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று சிவசங்கருக்குத் தெரியும். வேடியப்பன் தன் யானையை வெட்டக் கொடுக்கிறார். அடுத்த அடியில் குதிரை தாவும், ஆட்டம் முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி வாசகசாலையில் வெளிச்சம் மங்கியபோது இருவரின் சதுரங்க ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்து நகர்த்த வேண்டியவர் மட்டும் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாரம் யோசித்துவிடலாமே? அதனால் அவர் தன் நகர்வை அங்கேயே தாளில் எழுதி, எதிராளிக்குக் காட்டாமல் உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். எழுதியதை அவரால் மாற்ற முடியாது. என்ன எழுதினார் என்று எதிராளிக்கும் தெரியாது. இரண்டு தட்டும் சமமாகிவிடும்.

அன்றைக்கு எழுதும் முறை வேடியப்பனுடையது. வெள்ளிமலையில் வனக் காவலர் அவர். புத்தக வண்டியில் மலிவாகக் கிடைத்த சோவியத் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாற்பது வயதில் ஆடக் கற்றவர். ஒரு நகர்வைக் குறிக்க நாலைந்து எழுத்துக்கு மேல் ஆகாது. அவரோ ஒரு வரி முழுக்க எழுதினார். பேனா பிடித்துப் பழகாத கை என்று சிவசங்கர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஜெயிப்பவருக்குக் கருங்கடல் ஓரத்துச் சோவியத் ஊர் ஒன்றுக்குப் பயணம். மறைந்த ஆட்டக்காரர் ஒருவரின் நினைவாக அங்கே சர்வதேசப் போட்டி நடக்கிறது. அதில் ஆட மாவட்டத்திலிருந்து ஒரே ஒருவரை இந்திய-சோவியத் நட்புறவுக் கழகம் அனுப்புகிறது. சிவசங்கர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோகூட எடுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை வங்கியில் சாப்பாட்டு வேளையில் அட்டையை விரித்தபோதுதான் அந்த நகர்வு அவன் கண்ணில் பட்டது. வேறு எதை ஆடினாலும் வேடியப்பன் தோற்பார். ஆனால் யானையை வெட்டக் கொடுத்துவிட்டால், அடுத்து குதிரை ஒரே தாவலில் ராஜாவுக்குச் செக் வைத்து ராணியையும் குறி வைக்கும். ராஜாவைக் காப்பாற்றினால் ராணி போகும். எப்படிப் புரட்டிப் பார்த்தும் அவனுக்கு மாற்று கிடைக்கவில்லை.

அது எண்பத்தேழு செப்டம்பர். வியாழக்கிழமை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியது. சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்துப் போட்டிருந்தார்கள், பஸ் நின்றது. இனி மலையிலிருந்து யாரும் இறங்க முடியாது என்று கேட்டதும் சிவசங்கருக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

ஞாயிறு காலை டீக்கடையில் வெள்ளிமலை ஜீப் டிரைவர் பாவாடை அவனைப் பிடித்துக்கொண்டான்.

"சார், வேடியப்பன் அண்ணன் நடந்தே வந்துகினு இருக்காரு. கச்சிராயபாளையத்தாண்ட பாத்தேன். சைக்கிள்ல ஏத்தலாம்னா, மரத்துக்கு மரம் சைக்கிளையே நான்தான் தூக்கிக்கினு வந்தேன். லேட்டாவுமாம், நடுவர் ஐயாவக் கொஞ்சம் இருக்கச் சொல்லுன்னாரு. வாசகசாலை எந்தப் பக்கம் சார்?"

"நீ ஏன்யா அலையற? நான் அங்கதான் போறேன். சொல்லிட்றேன்."

பத்து மணிக்கு நடுவர் பொன்னுரங்கம் கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். இருவரும் எதிரில் இருந்தால்தான் உறையைப் பிரிப்பது அவர் வழக்கம். ஒரு மணி நேரம் பார்ப்பார்; வராதவர் தோற்றவர்.

"மலையிலேர்ந்து சேதி எதனா வந்துச்சா சிவா?"

"ஒண்ணும் வரலீங்க."

"பஸ்ஸு இல்லாத நேரம். ஒரு வார்த்தை சொல்லி வுட்டிருந்தா தள்ளி வெச்சிருப்பேன்."

சிவசங்கர் ஏற்கெனவே நேராக இருந்த காய்களை மறுபடி நேராக்கினான்.

பதினொன்று ஆனது. ஜெயித்தவர் என்ற இடத்தில் பொன்னுரங்கம் சிவசங்கர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் வாசலில் வேடியப்பன் நின்றார். அறுந்த செருப்பு கையில் இருந்தது. கால் கட்டைவிரலில் ரத்தம் உறைந்திருந்தது.

"மன்னிச்சிக்குங்க ஐயா. வழி பூரா மரம். ஏறி ஏறி எறங்கி வர்றதுக்குள்ள நேரமாய்ட்ச்சி."

"முன்னாடியே சொல்லி அனுப்பக் கூடாதாய்யா? இப்பத்தான் எழுதி முடிச்சேன்."

"பாவாடை கைல சொல்லி வுட்டனே?" வேடியப்பன் ஒரு கணம் யோசித்தார். "மறந்துட்டான் போல. பாவம், அவனுக்கு இன்னா கஷ்டமோ."

அவர் பாவாடையைத் திட்டியிருந்தால் சிவசங்கர் வாயைத் திறந்திருக்க மாட்டான். அந்தப் 'பாவம்' அவனைச் சுட்டது.

"அவன் மறக்கலீங்க." அவன் கட்டங்களைப் பார்த்தே பேசினான். "எங்கிட்ட சொன்னான். நான்தான் மறைச்சிட்டேன்."

பொன்னுரங்கம் எழுதிய தாளை நாலாகக் கிழித்தார்.

"படிச்ச புள்ள. பேங்க்குல வேல. வெக்கமா இல்ல ஒனக்கு?" பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "குந்து வேடியப்பா. ஆட்டம் நடக்கும்."

அவர் உறையை எடுத்து ஓரத்தைக் கிழிக்கப் போனார். சிவசங்கர் கண்ணை மூடிக்கொண்டான். யானை போகட்டும், குதிரை வரட்டும், பயணமும் போகட்டும். சீக்கிரம் தோற்றுவிட்டு இங்கிருந்து எழுந்து போனால் போதும் என்றிருந்தது.

"அத்தப் பிரிக்க வேணாங்க ஐயா" என்ற குரல் கேட்டுக் கண் திறந்தான். வேடியப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் நீட்டியிருந்தார்.

"தோத்துட்டேன்னு அன்னிக்கே எழுதிட்டேன். சாருக்குக் கை குடுத்துட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."