சீதைப்பாண்டி

“ஆம்பளை ஆடுற ஆட்டமா இது, அழகையாண்ணே?”

புடவை மூட்டையை வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டு மஹ்ரூப் நானா உள்ளே எட்டிப் பார்த்தார். அழகையா சுவரோரமாகச் சம்மணமிட்டு, பல்லாங்குழிப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

மழையில் பாதை சரிந்துபோனதால் நானா பசறையிலிருந்து அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி ஏழு மாதமாகியிருந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் அப்படியேதான் இருந்தது. பத்துக் காம்பராவுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடுவதில்லை. முதல் காம்பராவில் ஒருவர் இருமினால் பத்தாவது காம்பராவில் கொத்தமல்லி கொதிக்கும்.

“பாக்கியலெட்சுமி எங்கண்ணே? போன தடவை அரக்குச் சேலை கேட்டிச்சு. பதுளை பூரா அலைஞ்சு எடுத்தாந்திருக்கேன்.”

“போயிட்டா நானா.”

மூட்டையை அவிழ்க்கப்போன நானாவின் கை முடிச்சிலேயே நின்றது. “எப்ப?”

“நீங்க வந்துட்டுப் போன மறுநாளே.” எதிர்மலைக்குச் சேதி சொல்வதுபோல உரக்கச் சொன்னார் அழகையா.

“மெல்லச் சொல்லுங்கண்ணே. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

கீழ் டிவிசனில் நாலு குடும்பம் பிரஜாவுரிமை கிடைக்காமல் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப்போனது நானாவுக்குத் தெரியும். ஒரு பெருமூச்சு விட்டார்.

“தனியாவா போயிருச்சு?”

“அண்ணன்காரன் வீட்டுலதான் இருக்கா.”

“அவ்வளவு தூரம் போக எப்படி மனசு வந்துச்சு?”

“தூரம்னா அப்படி இப்படித் தூரமில்லை நானா. ஏழு மாசமாப் பாக்குறேன், போய்ச் சேர முடியலை.”

அழகையா எழுந்து போய்ப் பால் கலக்காத சாயத்தண்ணி ஊற்றினார். மூன்று கோப்பை. நானாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, மூன்றாவதைப் பலகைக்குப் பக்கத்தில், சுவரடியில் வைத்தார்.

“இது யாருக்கு?”

“பழக்கம்.”

நானா தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சண்டையாண்ணே?”

“இந்தப் பலகையாலதான். அவ தாய்வீட்டுச் சீரு. ரெண்டு பேரும் ஆடுறப்ப ஒரு கொட்டையைக் கைக்குள்ள மறைச்சு வச்சு ஜெயிச்சேன். கண்டுபிடிச்சுட்டா. கட்டுனவகிட்டயே கள்ளாட்டம் ஆடுற ஆளோட இனி ஒரு பேச்சு கெடையாதுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. ஒரே ஒரு வார்த்தை பேசுனாப் போதும் நானா. திட்டுனாக்கூடப் போதும்.”

“மன்னிப்புக் கேட்டுப் பாக்கலையா?”

“மழைக்காலம் பூரா கேட்டேன். மலை கேட்டுச்சு. அவ கேக்கலை.”

“ஒரு கடுதாசி போடுங்களேன்.”

“கடுதாசி பசறைத் தபால்கந்தோருக்கு எறங்கி, மறுபடி மலை ஏறி வரணும். அதுக்குள்ள கோபம் இன்னும் பழுத்துரும்.”

நானாவுக்கு விளங்கவில்லை. துக்கத்தில் மனுசனுக்குத் திசை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பேச்சை மாற்றப் பலகையைக் காட்டினார்.

“ஒத்தையா என்ன ஆட்டம்?”

“சீதைப்பாண்டி. ஏழு குழியில ஏழு, ஆறு, அஞ்சுன்னு வச்சு, கடைசிக் குழியில ஒண்ணு. ஏழு இருக்கிற குழியை அள்ளி, அந்தக் குழியிலேருந்தே ஒண்ணொண்ணாப் போட்டுக்கிட்டு வரணும். எப்ப அள்ளினாலும் கையில ஏழுதான் வரும். ஏழு தடவை போட்டா, மொதல்ல வச்ச மாதிரியே வந்து நிக்கும்.”

“அப்ப ஜெயிக்கிறது யாரு?”

“யாருமில்லை. இது காத்துக்கெடக்கிற ஆளுக்குன்னு உள்ள ஆட்டம். சீதையம்மா சிறையிருந்தப்ப ஆடுனது. இந்த மலையிலதான். இதுல ஒரு கொட்டை அந்தம்மா விட்டுட்டுப் போனது. எதுங்கிறதுதான் தெரியலை.”

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்லிவிட்டு, முதல் குழியை அள்ளினார்.

டொக். டொக். டொக். டொக். டொக். டொக்.

கை மூடிக்கொண்டது. சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் கலைத்து, பழையபடி வைத்து, மறுபடி அள்ளினார்.

நானாவால் பொறுக்க முடியவில்லை.

“அண்ணே, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. கடல் தாண்டிப் போனவ திரும்புறது லேசில்லை. ஹாலிஎலயில ஒரு பொம்பளை இருக்கு. புருசன் தவறிப்போச்சு. கொழுந்தெடுக்கிறதுல நல்ல கெட்டி. ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?”

அழகையா மெல்ல நிமிர்ந்தார். சுவரையும் பார்த்தார், நானாவையும் பார்த்தார்.

“பல்லாங்குழி ஆடத் தெரியுமா?” பத்துக் காம்பராவுக்கும் கேட்டிருக்கும்.

“தெரியாட்டிப் பழகிக்கிருமே.”

“அப்ப அந்த அரக்குச் சேலையை எடுங்க. அதுக்கே குடுத்துருவோம்.”

நானா சேலையை உருவி விரித்தார். அழகையா அதைத் தொடவில்லை. குனிந்து, ஏழு கொட்டையை அள்ளினார்.

டொக். டொக். டொக். டொக். டொக். டொக்.

கை மூடிக்கொண்டது.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், அண்ணன்காரன் இராமையாவின் காம்பராவில் ஒரு செம்பு உருண்டது; அதன் பின்னாலேயே பாக்கியலெட்சுமியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. “அந்த ஏழாவது கொட்டையையும் போட்டுத் தொலைங்களேன். ஏழு மாசமா ஆறே விழுந்தா, மனுசி எப்படித்தான் தூங்குறது?”

“கேட்டுச்சா நானா?” என்றார் அழகையா, அன்று முதல் தடவையாக மெல்லிய குரலில்.