முதல் வாய்

அவள் கோப்பையை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேல் திராட்சைப் பந்தல். காய்கள் இன்னும் பச்சையாகவே தொங்கின. இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் மேசைமேல் அசைந்தது. பந்தலுக்கு அப்பால் மலை.

கல்யாணமான புதிதில், சுருளி அருவிக்குப் போகும் வழியில் பேருந்து பழுதாகி நின்றபோது, தண்ணீர் கேட்டு இந்த வீட்டுக்குத்தான் வந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் தண்ணீரோடு வைனும் கொடுத்தார். எவர்சில்வர் டம்ளரில். தோட்டத்துப் பன்னீர் திராட்சையில், கிராம்பு சேர்த்து, வீட்டிலேயே போட்டது. அவள் அதுவரை குடித்ததில்லை. அன்று அருவிக்குப் போகும்வரை காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி அவர் இன்றும் சொல்வார்.

இப்போது அந்த அம்மாள் இல்லை. மகன் அமல்ராஜ் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறார். போன கிறிஸ்துமசுக்குப் போட்டதில் ஒரு புட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்களும் உக்காருங்களேன்," என்றார் அவள் கணவர்.

"ஆசை காட்டாதீங்க சார். தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் நாக்குல படக்கூடாது. பட்டுச்சுன்னு வைங்க, எங்க வீட்டம்மா நேரா சாமியார்ட்ட போய் நின்னுருவா."

சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டார். அடுப்பில் கோழி இருந்தது. புகை பந்தல்வரை வந்தது. அதில் என்னென்ன மணக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள்.

மூடியைத் திறந்து ஊற்றியது கணவர்தான். ஊற்றும்போதும் கண் அவள்மேல்தான்.

"நீ மொதல்ல," என்றார்.

அது புதிது. வீட்டில் எதுவானாலும் முதல் வாய் அவருக்கு. அவள் பரிமாறும்வரை பொறுக்கமாட்டார். மாவுப் பாத்திரத்தைத் திறந்து குனிவார். ரசத்தைக் கரண்டியோடு வாயில் வைப்பார். 'பறக்காவெட்டி' என்று திட்டுவாள். போதாததற்குக் கை வேறு நிற்பதில்லை. இந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை பாலைக் கொட்டியிருப்பார், எத்தனை முறை சாம்பாரைக் கவிழ்த்திருப்பார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

போன வருடம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாப்பிடும்போது மட்டும் இரண்டு வார்த்தை. இன்றைக்குக் குழம்பு பிரமாதம். கீரையில் என்ன சேர்த்தாய். பிள்ளை வெளிநாடு போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று இருந்ததே அதுதான்.

சொல்லிவிட்டால் அந்த இரண்டு வார்த்தையும் இரக்கமாகிவிடும்.

உப்பைக் கரண்டியால் அளந்தாள். மற்றதைக் கை நினைவில் போட்டாள்.

இப்போது ஒரு மிடறு விழுங்கினாள்.

ஒன்றுமில்லை.

தொண்டையில் மட்டும் ஓர் எரிச்சல். வைன் என்றால் எரியத்தானே செய்யும்.

கண்களை மூடித் திறந்தாள்.

"அதேதாங்க. அப்படியே இருக்கு. அந்தக் கிராம்பு வாசனைகூட."

அவர் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து அவள் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அவசரமாகத் தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

பிறகு கோப்பையைக் கீழே வைக்கவில்லை. மலையைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

பிறகு மிச்சத்தையும் குடித்தார். நிதானமாக. கடைசிச் சொட்டுவரை.

அமல்ராஜ் கோழி வறுவலோடு வந்தார். தட்டை வைத்துவிட்டு, காலிக் கோப்பையைக் கண்டதும் உற்சாகமாகப் புட்டியை எடுத்துச் சாய்த்தார். மூக்கு சுருங்கியது.

"ஆத்தாடி! புளிச்சுக் காடியாப் போச்சே! இத எப்படி சார் குடிச்சீங்க? கொடல் வெந்துருமே!"

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அவர்.

அமல்ராஜ் அவரை ஒரு மாதிரி பார்த்தார். அவளையும் பார்த்தார். புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளே யாரிடமோ கத்துவது கேட்டது.

பந்தலில் ஒரு குருவி உட்கார்ந்து பறந்தது.

அவள் நிமிரவில்லை. அவருடைய காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திறந்து திறந்து பார்த்த மாவுப் பாத்திரம்.

கைதவறிக் கொட்டிய பால்.

எதற்கு இத்தனை தூரம், குற்றாலம் போகலாமே என்று அவள் சொன்னபோது, இல்லை, அங்கேதான் என்று அவர் நின்ற பிடிவாதம்.

'நீ மொதல்ல.'

அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். மென்று விழுங்கிய பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். எப்போதும்போல.

அமல்ராஜ் வேறு புட்டி கொண்டுவந்தார். இந்த முறை அவர் வீட்டம்மாவும் கூடவே வந்து, வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, நல்லதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கணவர் ஊற்றினார். ஒரு வாய் குடித்தார். தலையசைத்தார். அவள் கோப்பையிலும் ஊற்றி நீட்டினார்.

அவள் வாங்கினாள். குடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்குன்னு சொல்லுங்க," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்களைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி ஒரு மிடறு குடித்து, வாயிலேயே வைத்திருந்து, மெல்ல விழுங்கினார். வார்த்தைகளைத் தேடுகிறவர்போல நெற்றி சுருங்கியது.

"மொதல்ல," என்றார், "கிராம்பு."

அவள் காத்திருந்தாள்.