கால்குலஸ் இருக்கும் பள்ளி

எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்ற எல்லைகளை மாவட்டக் குழு மாற்றியதில் வெர்னாவின் வீடு ஆற்றங்கரைப் பள்ளியின் எல்லைக்குள் போய்விட்டது. வீட்டை வாடகைக்கு விடச் சொல்லித் தரகரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மகள் டெலியாவோடு அவளுடைய பழைய பள்ளிக்கு எதிரே இருந்த ஃப்ளாட்டில் வந்து இறங்கினாள்.

வாசலில் ஒருவர் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். "என்ன மேடம், திடீர்னு இந்தப் பக்கம்?"

"அந்தப் பள்ளியில பாதிப் பேர் இலவசச் சாப்பாட்டுப் பிள்ளைங்க. கால்குலஸ் வகுப்பே கிடையாது. என் பொண்ணு இன்ஜினியர் ஆக வேண்டாமா?"

"இருபது பேர் சேர்ந்தாதான் கால்குலஸ் நடத்துவாங்க. இங்கேருந்து போனவங்களும் அந்த இலவசச் சாப்பாட்டுப் பிள்ளைங்களும் சேர்ந்து இப்ப அங்க இருபத்தாறு பேர். இங்க மிச்சம் ஒன்பது. வகுப்பை மூடிட்டாங்க."

"யார் சொன்னா?"

"நான்தான் கால்குலஸ் வாத்தியார். திங்கள்லேருந்து எனக்கும் அங்கதான் வேலை. அதான் இந்த ஃப்ளாட்டைக் காலி பண்றேன். ஹிக்கரி தெருவுல அருமையான வீடு கிடைச்சிருக்கு. யாரோ ஒரு அம்மா அவசர அவசரமா விட்டுட்டுப் போனாங்களாம்."

டெலியா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"சார், மாடியில கடைசி ரூம் என்னோடது. சுவத்துல ஒட்டின படங்களை மட்டும் கிழிச்சிடாதீங்க."