இருபத்திரண்டு வீட்டுக்கும் வந்த நகல்

"இதுல இருக்கறது உன் பேர்தானே, ஹால்வர்?"

யோருன் கடிதத்தை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். குடியிருப்பே முற்றத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கப் பனிக்கட்டி மேல் கொட்டிய சரளையை எல்லோரும் சேர்ந்து பெருக்கித் தள்ளும் ஏப்ரல் சனிக்கிழமை அது. துடைப்பம் எல்லார் கையிலும் இருந்தது. பெருக்கத்தான் ஆளில்லை.

இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டு கடிதம்.

ஒருவருடைய கடன் தகுதியை எவன் தோண்டிப் பார்த்தாலும், பார்த்தது யார் என்று அவருக்கு ஒரு நகல் போக வேண்டும். சட்டம் அப்படி. இங்கே பார்த்தது மின்சாரக் கம்பெனி. யாரும் புதிதாக இணைப்பு கேட்கவில்லை, கடன் கேட்கவில்லை. அவர்களாகவே சம்பளம், வரி, பழைய பாக்கி எல்லாவற்றையும் கிளறியிருந்தார்கள். கீழே, விசாரித்த ஊழியர் என்ற இடத்தில் ஹால்வரின் பெயர். மூன்றாம் மாடி ஹால்வரேதான்.

"ஆமா. நான்தான் பாத்தேன்," என்றான் அவன்.

"என் பென்ஷன் எவ்வளவுன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது," என்றார் ஓட்வார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "உனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவகிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காதே."

நாலு பேர் சிரித்தார்கள். யோருன் சிரிக்கவில்லை.

அவள் கைப்பையில் இன்னொரு கடிதமும் இருந்தது. அது அவளுக்கு மட்டும் வந்தது. மூன்று மாத முன்பணம் ஒன்பதாயிரம் குரோனரை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும். ஏன் என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, அவளுக்குத் தெரியும். முன்னாள் புருஷன் படகு வாங்கினான், ஜாமீன் கையெழுத்து இவள் போட்டாள். படகும் போனது, அவனும் போனான். கடன் கட்டாதவள் என்ற கரும்புள்ளி மட்டும் இவள் பெயரில் தங்கிவிட்டது. நாலு வருஷமாக அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு மின்கட்டணம்கூட ஒரு நாள் தள்ளிப்போனதில்லை. ஒன்பதாயிரத்துக்கு அவள் எங்கே போவாள்?

ஹால்வர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"கடிதம் எல்லாருக்கும் வந்துடுச்சா? யாருக்காவது வராம இருக்கா?"

முற்றம் கொதித்துவிட்டது. திருடிவிட்டு, பங்கு சரியாக இருக்கிறதா என்று கேட்கிறான் பார் என்றார் ஓட்வார். அதற்குமேல் ஹால்வரை யாரும் பேச விடவில்லை.

காபி மேசையில் வாஃபிள் தட்டை ஒதுக்கிவிட்டு, அங்கேயே யோருன் புகார் எழுதினாள். விசாரணையை ரத்துசெய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களின் அந்தரங்கத்தைத் துழாவிய ஆளை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். இருபத்தோரு வீடும் கையெழுத்துப் போட்டது. இருபத்திரண்டாவது வீடு ஹால்வருடையது, அவனுக்கும் ஒரு நகல் வந்திருந்தது. கிடைத்த கடிதங்களை எல்லாம் படம் பிடித்து, புகாரோடு சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

மாடிப்படியில் ஹால்வர் வழிமறித்தான். அரசாங்கத்தின் தகவல் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஒன்று அனுப்பச் சொன்னான். கடிதங்களை விட்டுவிடாமல் இணைக்க வேண்டுமாம்.

"உன் புத்திமதி எனக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். ஆனால் அனுப்பினாள். தன்மேல் வரும் புகாருக்குத் தானே முகவரி எடுத்துக் கொடுக்கிறானே, இவன் என்ன ஜென்மம் என்று அன்று முழுக்க அவளுக்குக் குடைந்தது.

திங்கள் காலை கம்பெனியிலிருந்து ஒரு மேலாளர் அம்மா கூப்பிட்டாள். குரலில் தேன் வழிந்தது. தவறு நடந்துவிட்டதாம், விசாரணை ரத்தாம், முன்பணமும் வேண்டாமாம். விஷயத்தை அலுவலகம் அது இதுவென்று கொண்டுபோகாமல் இருந்தால் நல்லதாம்.

"சனிக்கிழமையே அனுப்பியாச்சு," என்றாள் யோருன்.

தேன் காய்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னாள் மேலாளர்:

"எங்க உத்தரவை மீறின ஊழியரைக் காலையிலேயே நீக்கிட்டோம்."

யோருனுக்குப் பாதி நாள் சந்தோஷம். ஓட்வாரிடம் சொன்னாள். நல்லா வேணும் என்றார் அவர்.

மீதிப் பாதி நாள் அந்த வார்த்தை உறுத்தியது. உத்தரவை மீறினானாம். அப்படியானால் உத்தரவு என்று ஒன்று இருந்திருக்கிறது. ஒரே நாளில் ஒரு குடியிருப்பு முழுவதையும் தன் இஷ்டத்துக்கு எவனாவது விசாரிப்பானா? சம்பளம் கொடுக்கிறவன் சொல்லாமல் ஒரு குமாஸ்தா ஏன் அதைச் செய்யப் போகிறான்?

மூன்று மணிக்கு ஹால்வர் கார் நிறுத்துமிடத்தில் குனிந்து குளிர்கால டயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். வேலை நாளில் மூன்று மணிக்கு அவனை அங்கே அவள் பார்த்ததே இல்லை. எதிரில் போய் நின்றாள்.

அவன்தான் முதலில் கேட்டான். "முன்பணம் ரத்தாயிடுச்சா, யோருன்?"

"அதுவும் தெரியுமா உனக்கு?"

"தெரியும். உங்க பேர்ல இருக்கற புள்ளியையும் பாத்தேன். வெளியில சொல்லல, சொல்லவும் மாட்டேன்." டயரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு."

"அவங்க சொன்னதைத்தான் செஞ்சியே. அப்புறம் எந்த உத்தரவை மீறினேன்னு உன்னைத் தூக்கினாங்க?"

ஹால்வர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"நகல் போய்ச் சேர்ற இடத்துல உங்க எல்லாரோட முகவரியையும் அழிச்சுட்டு, கம்பெனி முகவரியையே போடச் சொன்னாங்க," என்றான். "அதைப் போடல."