கருவிக்குத் தெரியாத தோல்

அண்ணன் கரியனின் கெண்டைக்காலில் இருந்த ஊதாக் கட்டியை மூன்றாம் முறையாக, தோல் புற்றுநோயைக் கண்டறியும் கருவிக்குக் காட்டினாள் மருதி. இந்த முறையும் பச்சைதான் எரிந்தது. ஆபத்தில்லை என்று அர்த்தம்.

மருதி ஆனைக்கட்டி மலையில் இருளர் குடியிருப்புகளான பதிகளுக்குச் செவிலி. வைரஸால் வரும் இந்தத் தோல் புற்றுநோயில் செத்துப்போன ஐந்து பேரின் கட்டிகளைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தவள். உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

“சிவப்பு எரியாம படுக்கை தர முடியாதும்மா,” என்றார் டாக்டர். “அந்தக் கருவி படங்களப் பாத்துத்தான் கத்துக்குது. உங்க ஜனங்களோட படம் ஒண்ணுகூட அதுக்குக் கொடுக்கல. அதுக்கு உங்க தோல் தெரியாது.”

“விடு புள்ளே, மிஷினுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்று கரியன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

நான்கே மாதத்தில் நோய் ஈரல்வரை பரவி அவன் இறந்துபோனான். அடக்கத்துக்கு முன் டாக்டர் அழைத்து, கருவிக்குக் கற்றுக்கொடுக்க அவன் காலைப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மருதிக்குப் போனை வீசியெறியத் தோன்றியது. பிறகு துணியை விலக்கி, ஈரத்துண்டால் காலைத் துடைத்து, எல்லாப் பக்கமும் படமெடுத்தாள்.

மாசி மாதம் பக்கத்துப் பதியில் ரங்கி என்ற பெண்ணின் கழுத்துக் கட்டியில், அந்தப் படங்களைக் கற்றுக்கொண்ட கருவியை வைத்ததும் சிவப்பு எரிந்தது.

“கெட்ட சேதியா?” என்றாள் ரங்கி.

“நேரத்தோட தெரிஞ்சிருச்சுக்கா. பொழச்சுக்கலாம். வண்டி வருது, கெளம்புங்க.”

ரங்கி துணிமணி எடுக்க உள்ளே போனாள். மருதி வாசலிலேயே உட்கார்ந்து, அண்ணனை நினைத்து வாய்விட்டு அழுதாள்.