வீட்டைப் பார்க்க வருகிறார்கள்

"லெட்டர்ல என்ன போட்டிருக்குன்னு நீ பாத்தியா, இல்ல உன் தங்கச்சி சொன்னதைக் கேட்டியா?"

ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷினில் தைக்கும் ஜெபராணி போன வாரம் கேட்டது. கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். அவள் அப்போதே மறந்திருப்பாள்.

கேள்வி மட்டும் இவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

தங்கை சுகிர்தா குளிக்கப் போயிருக்கிறாள். அவளுடைய போன் அரிசி டிரம்மின் மேல் கிடக்கிறது.

எடுத்தாள்.

கல்லூரியிலிருந்து வந்த கடிதம்.

சீட் உண்டா இல்லையா என்று அந்தக் கல்லூரி இன்னும் சொல்லவில்லை. பணத்தைப் பற்றி மட்டும் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறது. ஸ்காலர்ஷிப் முழுதாகக் கிடைத்தால்தான் சுகிர்தாவுக்குப் படிப்பு. இல்லையென்றால் அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷின்.

"சீட்டே குடுக்காதவன் எதுக்குடி நம்ம காசு விவரம் கேக்குறான்?" என்று தங்கையிடம் ஒருநாள் கேட்டிருந்தாள்.

"எல்லாரையும் கேப்பாங்கக்கா."

அந்தப் பதிலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சீக்கிரமாக வந்த பதில்.

இந்தக் கடிதத்தைச் சுகிர்தா வாசித்துச் சொன்னபோது ஒரே வரி. ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள். அவ்வளவுதான்.

இப்போது விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் அவள். தெரிந்த இங்கிலீஷ் கம்பெனி இங்கிலீஷ். முதலில் ரிஜெக்ட் என்ற சொல்லைத் தேடினாள். கெட்டுப்போன ஷூவில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரில் அது இருக்கும்.

இல்லை.

பெண்டிங் இருந்தது. கம்பெனியில் பெண்டிங் என்றால் நீலக் கூடை. கெட்டதும் இல்லை, தேறியதும் இல்லை. சூப்பர்வைசருக்கு மனசு வர வேண்டும்.

கொஞ்சம் மூச்சு விட்டாள்.

அதற்குக் கீழே சுகிர்தா நிரப்பி அனுப்பிய படிவம் அப்படியே இருந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர்கள். பெயர்களை வாசிக்க அவளுக்கு யார் தயவும் வேண்டாம்.

அம்மா பெயர்.

சுகிர்தா பெயர்.

கீழே தள்ளினாள். மேலே போனாள். மறுபடியும் கீழே வந்தாள்.

சம்பாத்தியம் என்று அம்மா பீடி சுற்றும் காசு மட்டும் இருந்தது.

அப்போதுதான் அன்றைய காலை அவளுக்குப் புரியத் தொடங்கியது. "ஓவர்டைமுக்குப் போகலையாக்கா?" என்று சுகிர்தா எழுந்ததும் கேட்டாள். டீ குடிக்கும்போது இன்னொரு தரம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையுமா கம்பெனி என்று எப்போதும் சண்டை பிடிக்கிறவள். விடிந்ததிலிருந்து வீடு சுத்தமாகிக்கொண்டே இருந்தது. ஆணியில் அவளுடைய கம்பெனி கோட்டு இல்லை. கண்ணாடி ஓரத்தில் செருகியிருந்த அவள் போட்டோவும் இல்லை.

அம்மாவின் போட்டோ இருந்தது.

சுகிர்தா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அக்காவின் கையில் போனைப் பார்த்தாள். துண்டு நின்றது.

"பிரவுசிங் சென்டர் அண்ணன்தான்க்கா சொன்னாரு. உன் சம்பளத்தைச் சேத்தா முழுசா கிடைக்காதாம்."

"சரி. நான் எங்க போனேன்?"

"கல்யாணமாயி... பெங்களூரு."

"மாப்பிள்ளை என்ன வேலைடி? குடிக்காம இருக்காரா?"

மூலையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று பீடித் தட்டின்மேல் குனிந்துகொண்டாள்.

அப்படியானால் அம்மாவுக்கும் தெரியும்.

அவளுக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. அந்த அண்ணன் சொன்னதும் என் பெயரை உடனே எடுத்துவிட்டாயா, கொஞ்ச நேரமாவது யோசித்தாயா.

கேட்பதற்குள் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

கல்லூரியிலிருந்து வந்த பெண் நல்லவளாகத்தான் தெரிந்தாள். செருப்பை வெளியே விட்டாள். டீ வேண்டாம் என்று சிரித்தாள். தகரக் கூரையைப் பார்த்தாள், அம்மாவின் விரல்களைப் பார்த்தாள், பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

பிறகு இவளைப் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

அம்மா தலை நிமிரவில்லை.

அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தது போலவே, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பயமா, வெட்கமா, வேறு ஏதாவதா. ஒன்றும் பிடிபடவில்லை.

"இவங்க எங்க..." என்று சுகிர்தா தொடங்கினாள்.

அந்தப் பெண்ணின் பேனா காத்திருந்தது.

ஒரு மூச்சு நேரம் நின்றிருந்தால் அடுத்த சொல் என்னவென்று தெரிந்திருக்கும்.

அவள் நிற்கவில்லை. டீக்காக எடுத்து வைத்திருந்த சர்க்கரை டம்ளரை எடுத்துக்கொண்டாள். இரவல் வாங்க வந்தவள் போல அதைத் துப்பட்டா நுனியால் மூடினாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பக்கமாக நடந்தாள்.